வெளிநாட்டில் போய்ப் படிப்பது உண்மையிலேயே பயன் தருமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: பட்டப்படிப்பின் நடுவில் ஒரு வருடம் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் படிக்க வாய்ப்பு வந்திருக்கிறது. வீட்டில் பாதிப் பேர் போ என்கிறார்கள், மீதிப் பேர் பணமும் காலமும் வீண் என்கிறார்கள். அதில் நிஜமாகவே பயன் இருக்கிறதா, இல்லை போய்வந்தவர்கள் பெருமைக்குச் சொல்லிக்கொள்வதா?

போய்வந்தவர்களில் நானும் ஒருவன். பிறகு பல வருடங்கள் மாணவர்களை அனுப்பிவைக்கும் பக்கத்திலும் இருந்திருக்கிறேன். விண்ணப்பங்களைத் திருத்திக் கொடுத்திருக்கிறேன், திரும்பி வந்தவர்களோடு மணிக்கணக்கில் பேசியிருக்கிறேன். பயன் உண்டு, பலருக்கு மிகப் பெரிய பயன் என்பதே என் பதில். ஆனால் அது விமான டிக்கெட்டோடு சேர்ந்து வருவதில்லை. போதுமான நாள் வேண்டும், பழக ஆள் வேண்டும், தூக்கத்தைக் கெடுக்கும் கடன் இருக்கக் கூடாது. இந்த மூன்றும் அமைந்த மாணவர்கள் யாரும் போனதற்காக வருந்தி நான் பார்த்ததில்லை. மூன்றில் ஒன்று இல்லாமல் போனவர்கள் கைநிறையப் புகைப்படங்களோடு மட்டும் திரும்பியதைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் என் கதை கொஞ்சம். அதுவரை எனக்கு எழுத்துத் தேர்வு மட்டுமே பழக்கம். நான் போன இடத்தில் பாதிப் பாடங்களுக்கு வாய்மொழித் தேர்வு. எதிரே பேராசிரியர், நடுவில் ஒரு மேசை, அதன்மேல் ஒரு வெற்றுத்தாள். முதல் கேள்விக்குப் பாடப்புத்தகத்தில் இருந்ததை வரி பிசகாமல் ஒப்பித்தேன். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "சரி, இந்தத் தேற்றத்தில் இரண்டாவது நிபந்தனையை எடுத்துவிட்டால் என்ன ஆகும்?" என்றார். அப்படி ஒரு கேள்வி எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. விழித்தேன். அவர் தாளை என் பக்கம் தள்ளி, "வா, சேர்ந்து பார்ப்போம்" என்றார். இருபது நிமிடம் இருவரும் அதில் கிறுக்கிக்கொண்டிருந்தோம். சுமாரான மதிப்பெண்தான் கிடைத்தது. ஆனால் அன்றிலிருந்து எதைப் படித்தாலும், எந்தக் கல்லை உருவினால் இந்தக் கட்டடம் விழும் என்று தேடும் பழக்கம் என்னோடு ஒட்டிக்கொண்டது. அந்த நாட்டு மாணவர்களுக்கு அது பள்ளியிலேயே பழகிய விஷயம். அங்கிருந்து எங்கள் கல்லூரிக்கு வந்த ஒருவருக்கோ அனுபவம் நேர்மாறாக இருந்தது: மூன்று மணி நேரம் உட்கார்ந்து ஒரு விடையைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒழுங்காக எழுதும் பயிற்சி தனக்கு இல்லவே இல்லை என்று அவர் எங்களிடம் வந்தபிறகுதான் உணர்ந்தார்.

ஒவ்வொரு கல்வி முறையும் சிலதை நன்றாகச் சொல்லித் தருகிறது, சிலதை விட்டுவிடுகிறது. விட்டுப்போனது எது என்று அதற்குள்ளேயே வளர்ந்தவருக்குத் தெரிவதில்லை. மதிப்பெண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் 1.0 மிக உயர்ந்தது, 5.0 தோல்வி. இத்தாலியில் 30க்கு 18 எடுத்தால் தேர்ச்சி. பிரான்சில் 20க்கு 10 தேர்ச்சி, 14 எடுத்தாலே நல்ல மாணவர் என்று பெயர். நான் அனுப்பிவைத்த ஒரு மாணவி பிரான்சில் 14 வாங்கிவிட்டு இரவெல்லாம் அழுதிருக்கிறாள். மறுநாள் வகுப்பில் மற்றவர்கள் வந்து வாழ்த்தியபோதுதான் விஷயம் புரிந்தது. திரும்பி வந்தபிறகு அவள் தன் மதிப்பெண்ணைப் பார்த்துப் பயப்படுவதை அடியோடு விட்டுவிட்டாள். தன்னை அளக்கும் கோல் ஊருக்கு ஊர் மாறும் என்பதைப் பத்தொன்பது வயதில் அனுபவித்துத் தெரிந்துகொள்வது சின்ன விஷயமில்லை.

இது இரண்டு மூன்று பேரின் கதை மட்டும் என்று நீங்கள் நினைக்கலாம். ஆய்வுகளும் இருக்கின்றன. வில்லியம் மேடக்ஸ், ஆடம் கலின்ஸ்கி என்ற இரு ஆய்வாளர்கள் 2009ல் வெளியிட்ட ஆய்வில் மேலாண்மை மாணவர்களுக்கு ஒரு பழைய புதிரைக் கொடுத்தார்கள். ஒரு மெழுகுவர்த்தி, கொஞ்சம் தீக்குச்சி, ஒரு பெட்டி நிறைய போர்டு பின். மெழுகு தரையில் சொட்டாதபடி மெழுகுவர்த்தியைச் சுவரில் பொருத்த வேண்டும். பின்களைக் கொட்டிவிட்டு, காலிப் பெட்டியைச் சுவரில் குத்தி, அதையே தட்டாக்கி மெழுகுவர்த்தியை நிற்கவைப்பதுதான் விடை. பெட்டி பின் வைக்க மட்டும்தான் என்று நினைப்பவருக்கு இது தோன்றாது. வெளிநாட்டில் வாழ்ந்த அனுபவம் உள்ளவர்களில் 60 சதவீதம் பேர் கண்டுபிடித்தார்கள், இல்லாதவர்களில் 42 சதவீதம் பேர். எத்தனை நாள் வாழ்ந்தார்கள் என்பதற்குப் பலன் இருந்தது. சுற்றுலாவாகப் போன நாட்களுக்கு அந்தப் பலன் இல்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. துணிச்சலும் ஆர்வமும் உள்ளவர்களே வெளிநாடு போக முன்வருவார்கள். அவர்கள் போகாமல் இருந்திருந்தாலும் நன்றாகத்தான் வந்திருப்பார்கள். போனவர்களையும் போகாதவர்களையும் வெறுமனே பக்கத்தில் வைத்துச் சம்பளத்தை ஒப்பிடும் விளம்பரங்களை நான் நம்பாததற்குக் காரணம் இதுதான். ஆனால் இந்தச் சிக்கலை நேராக எதிர்கொண்ட ஆய்வும் உண்டு. ஜூலியா ஜிம்மர்மன், ஃபிரான்ஸ் நெயர் இருவரும் ஜெர்மன் மாணவர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கிளம்புவதற்கு முன்பிருந்தே தொடர்ந்து கவனித்து 2013ல் எழுதினார்கள். போகிறவர்கள் கிளம்பும் முன்பே கொஞ்சம் வித்தியாசமானவர்கள்தான் என்பது அதிலும் தெரிந்தது. ஆனாலும் போனபிறகு, போகாமல் சொந்த நாட்டிலேயே இருந்துவிட்டவர்களோடு ஒப்பிடும்போது, புதியதை ஏற்கும் மனமும் பிறரோடு இணங்கிப்போகும் குணமும் அவர்களிடம் கூடின, பதற்றம் குறைந்தது. அந்த மாற்றத்துக்குப் பெரிய காரணமாக அவர்கள் கண்டது, அங்கே புதிதாகக் கிடைத்த நட்புகளை.

நாள் விஷயத்துக்கு வருகிறேன். ஹாஜோ ஆடமும் அவருடைய குழுவினரும் 2018ல் வெளியிட்ட ஆய்வில், வெளிநாட்டில் வாழ்ந்தவர்களுக்குத் தான் யார், எது தனக்கு முக்கியம் என்பதில் தெளிவு கூடுவதைக் கண்டார்கள். எத்தனை நாடுகள் பார்த்தோம் என்பது அதைத் தீர்மானிக்கவில்லை, எவ்வளவு காலம் வாழ்ந்தோம் என்பதே தீர்மானித்தது. என் அனுபவமும் அப்படியே. இரண்டு வாரப் பயணத்தைக் கல்வி என்று விற்பவர்களிடம் உங்கள் பணத்தைக் கொடுக்காதீர்கள். ஒரு செமஸ்டர் பரவாயில்லை, ஆனால் வாய் திறந்து பேசத் தொடங்கும் நேரத்தில் பெட்டி கட்ட வேண்டியிருக்கும். எனக்கு முதல் மூன்று மாதம் காது பழகவே போனது. வகுப்பு விவாதத்தில் நான் சொல்ல நினைத்ததை மனசுக்குள் வாக்கியமாக்கி முடிப்பதற்குள் பேச்சு எங்கோ போயிருக்கும். ஐந்தாவது மாதம் ஒருநாள், நான் குறுக்கே பேசிவிட்டேன் என்பதே பேசி முடித்தபிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த வருடத்தில் எனக்குக் கிடைத்த பெரும்பாலான நன்மை அந்த நாளுக்குப் பிறகு வந்ததுதான். உங்களுக்கு வந்திருப்பது முழு வருடம். அதைப் பாதியாகக் குறைக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது ஆள். பலரும் கவனிக்காமல் விடும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். அங்கே போனாலே மொழி வந்துவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள். 2004ல் பார்பரா ஃபிரீடும் அவருடைய சக ஆய்வாளர்களும் பிரெஞ்சு கற்ற மூன்று குழுக்களை ஒப்பிட்டார்கள்: சொந்த நாட்டில் வழக்கமான வகுப்பில் படித்தவர்கள், பிரான்ஸ் போய்ப் படித்தவர்கள், சொந்த நாட்டிலேயே பிரெஞ்சு மட்டும் பேச வேண்டும் என்ற கட்டுப்பாட்டோடு நடந்த கோடைகாலப் பயிற்சியில் இருந்தவர்கள். சரளமாகப் பேசுவதில் அதிகம் முன்னேறியவர்கள் மூன்றாவது குழுவினர். பிரான்ஸ் போனவர்கள் வகுப்புக்கு வெளியே பிரெஞ்சைவிடத் தங்கள் ஆங்கிலத்தையே அதிகம் பேசியிருந்தார்கள். ஆற்றங்கரையில் குடியிருந்தாலும் தண்ணீரில் இறங்கினால்தானே நீச்சல் வரும்.

ஸ்டீபன் போக்னர் என்ற உளவியலாளர் வெளிநாட்டு மாணவரின் நட்பை மூன்று வட்டங்களாகப் பிரித்தார். தன் நாட்டவர்கள், அந்த நாட்டவர்கள், வேறு நாடுகளிலிருந்து வந்த மாணவர்கள். முதல் வட்டம் மனத்துக்கு ஆறுதல் தருகிறது. இரண்டாவது வட்டம் படிப்பிலும் அன்றாடக் காரியங்களிலும் கைகொடுக்கிறது. மூன்றாவது வட்டத்தோடு பொழுது நன்றாகப் போகும். இதில் எதையும் வெட்டச் சொல்லமாட்டேன். தன் நாட்டவர்களோடு பேசவே மாட்டேன் என்று சபதம் போட்டுப் போய், காய்ச்சலில் ஒரு வாரம் தனியாகக் கிடந்த மாணவனை எனக்குத் தெரியும். ஆனால் முதல் வட்டம் தானாக அமையும், மூன்றாவதும் ஹாஸ்டலில் தானாக அமையும். இரண்டாவது மட்டும் தானாக அமையாது. அந்த நாட்டு மாணவர்களுக்கு ஏற்கனவே நண்பர்கள் இருக்கிறார்கள், அவர்கள் உங்களைத் தேடி வரவேண்டிய தேவை இல்லை. அவர்களோடு சேர்ந்து செய்ய ஒரு வேலை இருந்தால்தான் கதவு திறக்கும். அது லேப் ப்ராஜெக்டாக இருக்கலாம், பாட்டுக் குழுவாக இருக்கலாம், ஓட்டப் பயிற்சியாக இருக்கலாம், வாரம் ஒருநாள் ஒரு முதியோர் இல்லத்தில் உதவுவதாகக்கூட இருக்கலாம். வாராவாரம் அதே முகங்களைப் பார்க்க வேண்டும் என்பது ஒன்றே விதி.

வழிகாட்டும் ஆள் ஒருவரும் வேண்டும். மைக்கேல் வாண்டே பெர்க் தலைமையில் அமெரிக்க மாணவர்களை வைத்து நடந்து 2009ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், தன் பாட்டுக்கு விடப்பட்ட பல மாணவர்கள், வேற்றுப் பண்பாட்டைப் புரிந்துகொள்வதில் வீட்டிலேயே இருந்தவர்களைவிடப் பெரிதாக முன்னேறவில்லை. நடந்ததை உட்கார்ந்து பேசிப் புரியவைக்க அங்கேயே ஒரு வழிகாட்டி இருந்த மாணவர்கள் தெளிவாக முன்னேறினார்கள். ஏன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். என் வகுப்புத் தோழன் ஒருவன் நான் கொடுத்த வரைவைப் படித்துவிட்டு, "இது சரியில்லை, மூன்றாம் பகுதி முழுக்கத் தப்பு" என்று முகத்துக்கு நேரே சொன்னான். என்னை வெறுக்கிறான் என்று முடிவு கட்டி ஒரு மாதம் ஒதுங்கினேன். அந்தத் துறையில் இருந்த ஒரு மூத்த ஆய்வாளரிடம் பேச்சுவாக்கில் சொன்னபோது, அங்கே வேலையைக் குறை சொல்வதற்கும் ஆளைக் குறை சொல்வதற்கும் சம்பந்தமே இல்லை, உன்மேல் மதிப்பு இருப்பதால்தான் மூன்றாம் பகுதிவரை படித்திருக்கிறான் என்றார். அவர் சொல்லாமல் இருந்திருந்தால் அந்த நாட்டவர்கள் முரடர்கள் என்ற முடிவோடு நான் ஊர் திரும்பியிருப்பேன். இன்று அவன் என் நெருங்கிய நண்பன்.

மனம் சோர்ந்துபோகும் நாட்கள் வரும், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கலாசார அதிர்ச்சி என்ற சொல்லை 1950களில் பரவலாக்கியவர் கலெர்வோ ஓபர்க் என்ற மானுடவியலாளர். எப்போது கைகுலுக்குவது, எப்போது நகைச்சுவை என்று எடுத்துக்கொள்வது, எப்போது மறுப்பது என்று நாம் யோசிக்காமலே பயன்படுத்தும் ஆயிரம் சின்ன அடையாளங்கள் ஒரே நாளில் காணாமல் போவதுதான் அந்த அதிர்ச்சி என்று அவர் விளக்கினார். முதலில் தேனிலவு, நடுவில் சரிவு, பிறகு மீட்சி என்று ஒரு வளைவை எல்லோரும் சொல்வார்கள். அந்த எண்ணம் 1955ல் ஸ்வெர்ரே லிஸ்கார்ட் நார்வேயிலிருந்து அமெரிக்கா போய்வந்த 200 பேரிடம் நடத்திய ஆய்விலிருந்து வந்தது. பின்னாளில் கோலின் வார்டும் சக ஆய்வாளர்களும் நியூசிலாந்துக்குப் போன ஜப்பானிய மாணவர்களைக் காலவரிசையாகத் தொடர்ந்து பார்த்தபோது, மிகக் கடினமாக இருந்தது வந்து இறங்கிய முதல் நாட்களே. ஆகவே முதல் வாரமே அழுகை வந்தால் தேனிலவுகூட எனக்கு வாய்க்கவில்லையே என்று பயப்பட வேண்டாம். ஆனால் தூக்கமும் பசியும் பல வாரங்களாகப் போய்விட்டால் பல்கலைக்கழகத்தின் மனநல ஆலோசகரிடம் போங்கள். பெரும்பாலான இடங்களில் மாணவர்களுக்கு அந்தச் சேவை உண்டு.

வேலைக்கு உதவுமா? வேலை கிடைப்பதைவிட எங்கே வேலை செய்வோம் என்பதில் அதன் தாக்கம் தெளிவாகத் தெரிகிறது. மாத்தியாஸ் பேரி, ஃபேபியன் வால்டிங்கர் ஆகியோர் 2011ல் ஜெர்மன் பட்டதாரிகளை ஆராய்ந்து, மாணவப் பருவத்தில் வெளிநாட்டில் படித்தது பிற்காலத்தில் வெளிநாட்டில் வேலை செய்யும் வாய்ப்பைச் சுமார் 15 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது என்று கண்டார்கள். நேர்முகத் தேர்வில் நாட்டின் பெயரைக் கேட்டு யாரும் அசந்துபோக மாட்டார்கள். அங்கே எதைச் செய்து முடித்தீர்கள் என்றுதான் கேட்பார்கள்.

கிளம்பும் முன் எழுத்தில் வாங்கவேண்டிய ஒன்று இருக்கிறது. இத்தாலியின் சோஃபியா கொராடி அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஒப்பீட்டுச் சட்டம் படித்து முதுநிலைத் தகுதியோடு 1958ல் ரோமுக்குத் திரும்பினார். அங்கே அவர் படித்துவந்த பல்கலைக்கழகம் அந்தப் படிப்பை ஏற்க மறுத்துவிட்டது. அந்த அவமானத்தை அவர் மறக்கவில்லை. வெளிநாட்டில் படித்ததைத் தாய்ப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று பல வருடங்கள் கதவு கதவாகத் தட்டினார். 1987ல் ஐரோப்பாவில் எராஸ்மஸ் என்ற மாணவர் பரிமாற்றத் திட்டம் தொடங்கியது. முதல் வருடம் 11 நாடுகளிலிருந்து சுமார் 3,200 மாணவர்கள் போனார்கள். அதற்குப் பிறகு போனவர்களின் எண்ணிக்கை ஒரு கோடியைத் தாண்டிவிட்டது. கொராடியை எராஸ்மஸின் தாய் என்றே அழைத்தார்கள். இன்று அந்தத் திட்டத்தில் போகும் மாணவர், தாய்ப் பல்கலைக்கழகம், ஏற்கும் பல்கலைக்கழகம் மூவரும் எந்தப் பாடங்கள், எத்தனை கிரெடிட் என்று முன்கூட்டியே கையெழுத்திடுகிறார்கள். உங்கள் திட்டம் வேறாக இருந்தாலும் இதே மாதிரி ஒரு தாளை வாங்காமல் கிளம்பாதீர்கள். "வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்ற வாய்வார்த்தையை நம்பிப் போன ஒரு மாணவன் திரும்பி வந்து மூன்று பாடங்களை மறுபடி எழுதினான். மருத்துவம், சட்டம் போல உரிமம் தேவைப்படும் தொழிலுக்குப் படிப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், எங்கே தொழில் செய்யப் போகிறீர்களோ அந்த நாட்டின் விதியை முதலில் படியுங்கள்.

இனி பணம். இதில் நான் கடுமையாகவே பேசுவேன். பல பரிமாற்றத் திட்டங்களில் கற்பிப்புக் கட்டணத்தைச் சொந்தப் பல்கலைக்கழகத்துக்குக் கட்டினால் போதும், தங்கும் செலவும் பயணமும் மட்டும் கூடுதல். உங்களுக்கு வந்திருப்பது அப்படிப்பட்டதா என்று உறுதி செய்யுங்கள். முழுப் பட்டத்துக்கும் கடன் வாங்கிப் போவது வேறு கதை. கடன் ஒரு நாணயத்திலும் பிற்காலச் சம்பளம் இன்னொரு நாணயத்திலும் இருந்தால் மாற்று விகிதம் உங்கள் தலைமேல் உட்கார்ந்துகொள்ளும். பகுதிநேர வேலை செய்து சமாளித்துவிடலாம் என்று சொல்பவர்களை நம்பி கணக்குப் போடாதீர்கள். ஜப்பானில் அனுமதி வாங்கிய மாணவர் பாடக் காலத்தில் வாரத்துக்கு 28 மணி நேரம்தான் வேலை செய்யலாம். அமெரிக்காவில் மாணவர் விசாவில் இருப்பவருக்குப் பாடக் காலத்தில் வளாகத்துக்குள்ளேயே 20 மணி நேரம்தான். அதையும் முழுக்கச் செய்தால், நான் மேலே சொன்ன நட்புக்கும் பாட்டுக் குழுவுக்கும் எங்கே நேரம்? கடன் முதலில் தின்பது அந்த மணி நேரங்களைத்தான். அப்புறம், திரும்பி வந்ததும் கிடைத்த முதல் வேலையில் விழவைக்கும். மனத்தைத் திறந்துவிடப் போன பயணம் கையைக் கட்டிவிட்டது என்றால் அதை வெற்றி என்று நான் சொல்ல மாட்டேன்.

அதனால் முதலில் உதவித்தொகை தேடுங்கள். அமெரிக்காவின் ஃபுல்பிரைட் 1946லிருந்து இருக்கிறது, ஜப்பான் அரசின் உதவித்தொகை 1954லிருந்து, ஜெர்மனியின் டாட் (DAAD) அமைப்பு 1925லிருந்து. ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டஸ் முதுநிலைப் படிப்புகளில் கட்டணத்தோடு வாழ்க்கைச் செலவும் தரும் உதவித்தொகைகள் உண்டு. விண்ணப்ப வேலை பெரும்பாலும் ஒரு வருடத்துக்கு முன்பே தொடங்குகிறது, இதை அறியாமல்தான் பலர் தவறவிடுகிறார்கள். இந்த வருடம் பணம் அமையவில்லை என்றால் இளநிலையை முடித்துவிட்டு முதுநிலைக்குப் போவதில் ஒரு குறைச்சலும் இல்லை. போகவே முடியாதவர்களும் மனம் தளர வேண்டாம். உலகில் கல்லூரியில் படிப்பவர்களில் வெளிநாட்டில் படிப்பவர்கள் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர்தான். உங்கள் வளாகத்துக்கே வந்திருக்கும் வெளிநாட்டு மாணவர் ஒருவருக்கு வாரம் ஒருநாள் துணையாக இருங்கள், அவர் கேட்கும் கேள்விகளே உங்கள் ஊரை உங்களுக்குப் புதிதாகக் காட்டும்.

கடைசியாக ஒரு யோசனை. நீங்கள் போகவிருக்கும் அதே திட்டத்தில் போன வருடம் போய்வந்த ஒருவரைக் கண்டுபிடியுங்கள். ஊர் எப்படி, பல்கலைக்கழகம் எப்படி என்று கேட்காதீர்கள், எல்லோரும் அருமை என்றுதான் சொல்வார்கள். யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டீர்கள், எழுதியதை யார் திருத்திக் கொடுத்தார்கள், இன்னும் எவ்வளவு கடன் பாக்கி இருக்கிறது, இந்த மூன்றையும் கேளுங்கள். முதல் இரண்டுக்கும் அவர் யோசிக்காமல் பெயர் சொல்லி, மூன்றாவதற்கு இல்லை என்றோ சில மாதங்களில் தீர்ந்துவிடும் என்றோ சொன்னால், அன்றைக்கே விண்ணப்பத்தை நிரப்பத் தொடங்குங்கள்.